பாதி வழியில் நிற்கும் முட்டை

மாணவர்களே! உங்கள் வயது என்ன என்று கேட்டால் பதினான்கு என்றோ பதினைந்து என்றோ உடனே சொல்லிவிடுவீர்கள். பள்ளிப் பதிவேடும் அதையேதான் சொல்லும். ஆனால் நீங்கள் எந்த முட்டையிலிருந்து தோன்றினீர்களோ, அந்த முட்டைக்கு அப்போது என்ன வயது? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

உங்கள் தாயாருக்கு 25 வயது நடக்கும்போது நீங்கள் கருவானீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த முட்டை அந்த மாதத்தில் உண்டானதன்று. முந்திய ஆண்டில் உண்டானதும் அன்று. உங்கள் தாயார் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, அவர் தம் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோதே, அது உண்டாகிவிட்டது. அதாவது, உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி கருவுற்றிருந்த காலத்தில், அவர் வயிற்றில் இருந்த குழந்தையின் உடலுக்குள் உங்களுக்கான முட்டை ஏற்கெனவே இருந்தது. ஆகவே நீங்கள் கருவான அன்று அந்த முட்டைக்கும் வயது ஏறக்குறைய 25!

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. அந்த முட்டை, தான் பிறந்தபோது ஒரு வேலையைத் தொடங்கியது. பாதியில் நிறுத்தியது. பிறகு 25 ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. அண்டகத்தை விட்டு வெளியே வருவதற்கு ஒன்றரை நாள் இருக்கும்போது, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. அந்த வேலை என்ன? அதை யார் நிறுத்தினார்கள்? யார் மீண்டும் தொடங்கச் சொன்னார்கள்?

தொடங்கிய வேலை

வேலையின் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: குன்றல் பகுப்பு, அதாவது மியாசிஸ். நம் உடல் செல்களில் 46 குரோமோசோம்கள் 23 ஜோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. முட்டையும் விந்தணுவும் 46-ஐ 46-ஆகவே சுமந்துகொண்டு சேர்ந்தால் அடுத்த தலைமுறைக்கு 92 ஆகிவிடும். எனவே அவை பாதியாகக் குறைய வேண்டும். செல் தன் குரோமோசோம்களை ஒரு முறை இரட்டித்துக்கொண்டு, பிறகு இரண்டு முறை பிரிகிறது. முதல் பிரிவில் ஜோடிகள் பிரிகின்றன. இரண்டாம் பிரிவில் ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு இழைகளும் பிரிகின்றன.

தேர்வுக்காக இதை நாம் எல்லோரும் படம் வரைந்திருக்கிறோம். ஒரு பெரிய வட்டம், பிறகு இரண்டு வட்டங்கள், கடைசியில் நான்கு வட்டங்கள். அந்தப் படம் ஆணுக்குப் பொருந்தும். விந்தகத்தில் ஒரு செல் இந்த வேலையைத் தொடங்கினால் எங்கும் நிற்பதில்லை. தொடக்கத்திலிருந்து விந்தணு உருவாகும்வரை ஏறக்குறைய 70 நாட்கள் ஆகின்றன. நான்கு விந்தணுக்களும் ஒரே அளவில் கிடைக்கின்றன. பெண்ணுக்கு அந்தப் படம் அறவே பொருந்தாது என்பது என் எண்ணம். முட்டை சரிபாதியாகப் பிரிவதே இல்லை. உணவுச் சேமிப்பு முழுவதையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, வேண்டாத குரோமோசோம்களை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி ஓரத்தில் வெளியே தள்ளுகிறது. அதற்குத் துருவச் செல் என்று பெயர். நான்கு வட்டப் படத்தில் விட்டுப்போன மற்றொன்றுதான் இக்கட்டுரையின் பொருள். முட்டையின் பாதையில் இரண்டு இடங்களில் ‘நில்’ என்ற பலகை இருக்கிறது.

முதல் பலகை, முதல் பிரிவு நடப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஜோடிக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று தேடிப்பிடித்து, பக்கத்தில் பக்கமாக ஒட்டி, துண்டுகளைத் தம்முள் மாற்றிக்கொள்கின்றன. பாட்டியின் பண்பும் தாத்தாவின் பண்பும் ஒரே குரோமோசோமில் கலப்பது இங்கேதான். இந்தப் பரிமாற்றம் முடிந்த உடனே, ஜோடிகள் பிரிவதற்கு முன், எல்லாம் அப்படியே நின்றுபோகிறது. உட்கருவின் சவ்வு கலையாமல் இருக்கிறது. உள்ளே ஜோடிகள் கைகோத்தபடி காத்திருக்கின்றன.

எத்தனை முட்டைகள் இப்படி நிற்கின்றன என்றும் பார்த்துவிடுவோம். பெண் கருவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அதன் அண்டகங்களில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் வரை இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமே மிஞ்சுகின்றன. பருவமடையும் வயதில் 3, 4 லட்சம். பிறகு மாதத்திற்கு ஒன்றாக எத்தனை வெளிவரும்? ஆண்டுக்கு 13 என்றும், 35 ஆண்டுகள் என்றும் கொண்டு பெருக்கிப் பாருங்கள்: 455. கருவுற்ற காலங்களைக் கழித்தால் இன்னும் குறையும். 70 லட்சத்தில் நானூறு சொச்சம்! மற்றவை எல்லாம் காத்திருந்த நிலையிலேயே அழிந்துபோகின்றன.

தூங்கும் கன்றா, கட்டிய கன்றா?

நின்றுபோன முட்டையைப் பற்றி இரண்டு விதமாக நினைக்கலாம். பால் கறக்கும் வேளையில் தொழுவத்திற்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஒரு கன்று அசையாமல் இருக்கிறது என்றால் அது தூங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது முளையில் கட்டப்பட்டிருக்கலாம். தூங்கும் கன்று ஓட வேண்டுமானால் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். கட்டிய கன்றைத் தட்ட வேண்டியதில்லை. தும்பை அவிழ்த்தால் போதும், தானே மடியை நோக்கிப் பாயும்.

முட்டை இவற்றில் எது? பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சோதனை செய்ய வேண்டும்.

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிரிகரி பிங்கஸ் என்பவரும் அவரோடு பணியாற்றிய என்ஸ்மன் என்பவரும் அந்தச் சோதனையைச் செய்தார்கள். (பிற்காலத்தில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற பிங்கஸ்தான் இவர்.) முயலின் அண்டகத்தில் பாலிக்கிள் எனப்படும் சிறு நீர்ப்பைகள் உண்டு. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு முட்டை. அந்தப் பையைக் கீறி, முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் ஊட்டநீரில் விட்டார்கள். ஹார்மோன் எதுவும் சேர்க்கவில்லை. தட்டவில்லை, தூண்டவில்லை. ஆனாலும் முட்டையின் உட்கருச் சவ்வு கலைந்தது. குரோமோசோம்கள் நகரத் தொடங்கின. துருவச் செல் வெளியே வந்தது. எல்லாம் ஏறக்குறைய 12 மணி நேரத்தில்.

ஆக, முட்டை தூங்கவில்லை. அது கட்டப்பட்டிருக்கிறது! பைக்குள் இருக்கும்வரை நிற்கிறது, பையை விட்டு எடுத்தால் தானே ஓடுகிறது. பையின் செல்கள் ஏதோ ஒரு பொருளைக் கொடுத்து முட்டையை நிறுத்தி வைக்கின்றன என்று பிங்கஸ் ஊகித்தார். அந்தப் பொருளைக் கையில் பிடிக்க மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கன்று மிக இளசாக இருந்தால் தும்பை அவிழ்த்தாலும் ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுண்டெலிக் குட்டியின் முழு வளர்ச்சியடையாத சிறு முட்டைகளை வெளியே எடுத்து வைத்தால் அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஓடுவதற்கு வேண்டிய புரதங்கள் அவற்றில் இன்னும் போதிய அளவு சேரவில்லை. நின்ற காலம் எல்லாம் முட்டைக்கு வீண் காலம் அல்ல என்பது இதனால் விளங்கும். அந்தக் காலத்தின் கடைசி மாதங்களில்தான் மனித முட்டை பல மடங்கு பருத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை எட்டுகிறது. கண் கூர்மையானவர்கள் கருவியின்றியே ஒரு புள்ளியாகப் பார்க்கக்கூடிய அளவு அது.

கடிகாரத்தைப் பார்த்த மனிதர்

பிங்கஸின் சோதனையை மனித முட்டையில் செய்து பார்க்க விரும்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் எட்வர்ட்ஸ். மனித முட்டையும் 12 மணி நேரத்தில் முதிர்ந்துவிடும் என்று பிங்கஸ் 1939-ல் எழுதியிருந்தார். எட்வர்ட்ஸ் அதை நம்பித் தொடங்கினார். முட்டை கிடைப்பதுதான் அரிதாக இருந்தது. நோய் காரணமாக அண்டகத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேரும் அறுவைச் சிகிச்சைகளில் மட்டுமே சிறு துண்டுகள் கிடைக்கும். மாலி ரோஸ் என்னும் பெண் மருத்துவர் அவற்றைக் கொடுத்து உதவினார்.

சுண்டெலி முட்டைகளை வெளியே எடுத்ததும் சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கின. மனித முட்டைகளோ அசையவே இல்லை. 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் உட்கரு அப்படியே இருந்தது. மறுபடியும் முட்டைகள் கிடைக்கும், மறுபடியும் 12 மணி, மறுபடியும் ஒன்றும் இல்லை. மனித முட்டைக்கு இந்தக் குணமே இல்லையோ என்று எண்ணுமளவுக்கு வந்துவிட்டார். பிறகுதான், இன்னும் காத்திருந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. 18 மணியில் பார்த்தார், இல்லை. 24 மணியில் பார்த்தார், இல்லை. 25 மணி நேரம் ஆனபோது குரோமோசோம்கள் முட்டையின் நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன! முழுவதும் முதிர்வதற்கு 36, 37 மணி நேரம் தேவை என்று கணக்கிட்டு 1965-ல் வெளியிட்டார்.

முயலின் கடிகாரத்தை மனிதனுக்கு மாட்டியதுதான் தவறு. அறிஞர் ஒருவர் எழுதிவிட்டார் என்பதால் 12 மணியோடு பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டவர்கள் வேறு எத்தனை பேரோ!

இந்த ஒரு எண் எவ்வளவு பயன்பட்டது தெரியுமா? எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மருத்துவர், ஜீன் பர்டி என்னும் செவிலியர் ஆகிய மூவரும் சேர்ந்து உடலுக்கு வெளியே கருவூட்டும் முறையை உருவாக்கினார்கள். முட்டை எப்போது ஓடத் தொடங்கியது என்று தெரிந்தால்தான் அது தானே வெளியேறி நழுவிவிடுவதற்குச் சற்று முன்னால் போய் எடுக்க முடியும். தாயாகப் போகிறவரின் சிறுநீரை இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை சோதித்து, ஹார்மோன் உயர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். அப்படி எடுத்த முட்டையிலிருந்து 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரௌன் பிறந்தார். எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டெப்டோவும் பர்டியும் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

இன்றும் கருவூட்டு மருத்துவமனைகளில் இந்தக் கடிகாரம்தான் ஓடுகிறது. ஹார்மோன் ஊசியை இரவு 9 மணிக்குப் போட்டால், முட்டை எடுப்பது மறுநாள் அல்ல, அதற்கும் அடுத்த நாள் காலை 8, 9 மணிக்கு. ஊசி சில மணி நேரம் தவறினாலும் முட்டை பழுக்காமல் இருக்கும், அல்லது கைக்கு எட்டாமல் போய்விடும்.

தும்பு எதனால் ஆனது?

இனி பிங்கஸ் ஊகித்த பொருளுக்கு வருவோம். 1974-ல் சோ, ஸ்டெர்ன், பிக்கர்ஸ் என்னும் மூவர் சுண்டெலி முட்டைகளைப் பையிலிருந்து எடுத்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருளின் ஒரு வகை கலந்த நீரில் விட்டார்கள். முட்டைகள் ஓடவில்லை. அந்த நீரைக் கழுவிவிட்டு நல்ல நீரில் விட்டதும் ஓடின. எனவே தும்பு சைக்ளிக் ஏ.எம்.பி.யே. முட்டைக்குள் அது நிறைந்திருக்கும்வரை முட்டை நிற்கும், குறைந்தால் ஓடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். அந்தப் பொருளைச் சுற்றியுள்ள செல்கள் கொடுக்கின்றனவா என்று தேடிப் போனவர்களுக்கு, 2004-ல் வேறு விடை கிடைத்தது. முட்டையே அதைத் தயாரிக்கிறது! தன்னைக் கட்டும் கயிற்றை முட்டை தானே திரிக்கிறது. அப்படியானால் பையை விட்டு எடுத்தவுடன் கயிறு ஏன் அறுகிறது? பையின் செல்களுக்கு இதில் என்ன பங்கு?

இந்த முடிச்சை அவிழ்த்தது 2009, 2010-ஆம் ஆண்டுகளின் ஆராய்ச்சி. கொஞ்சம் பொறுமையாகப் பின்தொடருங்கள். முட்டைக்குள் ஒரு நொதி இருக்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைப்பதே அதன் வேலை. அதாவது, கயிற்றை அறுக்கும் கத்தியும் முட்டைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கத்தியை உறைக்குள் போட்டு வைப்பது சைக்ளிக் ஜி.எம்.பி. என்னும் மற்றொரு பொருள். பெயரில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு, ஆள் வேறு. இது முட்டையில் தயாராவதில்லை, முட்டையை ஒட்டிச் சூழ்ந்திருக்கும் செல்களில் தயாராகிறது. அந்தச் செல்கள் மெல்லிய விரல்களை நீட்டி, முட்டையின் தடித்த உறையைத் துளைத்துச் சென்று, முட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தொடும் இடத்தில் மிக நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே சைக்ளிக் ஜி.எம்.பி. ஓயாமல் முட்டைக்குள் கசிந்துகொண்டிருக்கிறது.

பிங்கஸின் முயல் முட்டைக்கு என்ன நேர்ந்தது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். வெளியே எடுத்ததும் விரல்கள் விலகின, கசிவு நின்றது, கத்தி உறையை விட்டு வந்தது, கயிறு அறுந்தது. அவரது ஊகம் சரியே. பொருள் மட்டும் அவர் நினைத்ததைவிட ஒரு படி தள்ளி இருந்தது.

உடலுக்குள் முட்டையை யாரும் வெளியே எடுப்பதில்லையே, அங்கே கசிவை நிறுத்துவது எது? மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி மாதத்தில் ஒரு முறை எல்.எச். என்னும் ஹார்மோனை வெள்ளமாக இரத்தத்தில் விடுகிறது. எல்.எச். முட்டையைத் தூண்டுகிறது என்று சுருக்கமாக எழுதிவிடுவது வழக்கம். உண்மையில் முட்டைக்கு எல்.எச்.-ஐ அடையாளம் காணவே தெரியாது. அதை ஏற்கும் வாங்கிகள் முட்டையில் இல்லை. அவை பையின் வெளிச்சுவர்ச் செல்களில் இருக்கின்றன. செய்தி அங்கிருந்து உள்நோக்கிப் பரவுகிறது. சூழ்ந்த செல்களில் சைக்ளிக் ஜி.எம்.பி. தயாரிப்பு சில நிமிடங்களிலேயே குறைகிறது. முட்டைக்குள் ஏற்கெனவே இருந்ததும் அதே துளைகள் வழியே வெளியே வழிந்துவிடுகிறது. மேடான பாத்தியிலிருந்து தாழ்ந்த பாத்திக்குத் தண்ணீர் வடிவதைப் போன்றது இது. அவ்வளவுதான், 25 ஆண்டுக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

தும்பு அவிழ்ந்த பின் ஓடும் கால்கள் எவை? இதை முதலில் கண்டவர் யோஷியோ மசுயி என்னும் ஜப்பானிய அறிஞர். அவரும் கிளெமென்ட் மார்க்கர்ட்டும் 1971-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, தவளை முட்டையில் செய்தது. ஓடத் தொடங்கிய முட்டையின் உட்பொருளைச் சிறிது உறிஞ்சி, நின்றுகொண்டிருக்கும் முட்டைக்குள் செலுத்தினால் அதுவும் ஓடத் தொடங்குகிறது. அந்தப் பொருள் இரண்டு புரதங்களின் கூட்டு என்றும், முட்டையில் மட்டுமல்லாமல் ஈஸ்ட் முதல் மனிதன்வரை எல்லாச் செல்களும் பிரியும்போது இதே கூட்டுத்தான் வேலை செய்கிறது என்றும் பின்னர் தெரிந்தது. செல் பிரிதலை விளக்கியவர்களுக்கு 2001-ல் நோபல் பரிசு அளித்தபோது மசுயியின் பெயர் அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் பலர், நானும் அவர்களில் ஒருவன்.

எல்லாப் பாலூட்டிகளும் ஒரே ஒழுங்கில் நடப்பதில்லை. நாயின் முட்டை கட்டு அவிழாமலேயே அண்டகத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. முட்டைக்குழாயில் இரண்டு மூன்று நாட்கள் கழித்துத்தான் முதல் பிரிவை முடிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பாலூட்டியின் முட்டையை உலகில் முதன்முதலாகக் கண்ட கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் 1827-ல் அதைக் கண்டது ஒரு நாயில்தான்.

நெடுநாள் காத்திருப்பின் விலை

இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கைகோத்து நிற்கும் குரோமோசோம்களுக்கு ஒன்றும் ஆகாதா? ஆகும்.

டவுன் நோய்க்குறியுடன் பிறந்த குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்த இங்கிலாந்து மருத்துவர் லயனல் பென்ரோஸ், 1933-ல் ஒரு முக்கியமான கணக்கை வெளியிட்டார். வயது கூடிய பெற்றோருக்கு இக்குழந்தைகள் அதிகம் பிறப்பது முன்பே தெரிந்த செய்தி. ஆனால் தாய்க்கு வயது கூடினால் பெரும்பாலும் தந்தைக்கும் கூடியிருக்குமே! எது காரணம்? பென்ரோஸ் இரண்டையும் கணக்கில் பிரித்துப் பார்த்து, தாயின் வயதே காரணம் என்று காட்டினார். 1959-ல் பாரிஸில் லெஜூன், கோத்தியே, துர்ப்பான் ஆகியோர், இக்குழந்தைகளிடம் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதைக் கண்டார்கள். அந்தக் கூடுதல் ஒன்று பெரும்பாலும் தாயின் முட்டையிலிருந்து, அதிலும் முதல் பிரிவில் ஜோடி சரியாகப் பிரியாததால் வருகிறது.

ஏன் பிரிவதில்லை? குரோமோசோம் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கோஹீசின் என்னும் புரத வளையங்கள். ஜோடிகள் கைகோத்து நிற்பதும் இவற்றால்தான். சுண்டெலிகளில் 2010-லும் 2016-லும் வெளியான ஆராய்ச்சிகள், குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது மாட்டப்பட்ட வளையங்களே கடைசிவரை பயன்படுகின்றன, பழையன கழிந்து புதியன சேர்வதில்லை என்று காட்டின. தேய்ந்த வளையங்கள் நழுவினால் ஜோடிகள் முன்னதாகவே கைவிட்டுப் பிரிந்து, திசை தெரியாமல் போய்ச் சேர்கின்றன. தாயின் வயது இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும்போது டவுன் நோய்க்குறி ஏறக்குறைய 1,500 பிறப்புகளுக்கு ஒன்று. 35 வயதில் சுமார் 350-க்கு ஒன்று. 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்று. இந்தக் கடைசி எண்ணைத் திருப்பியும் படியுங்கள். நாற்பது வயதுத் தாய்மார் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரின் குழந்தைகளுக்கு இது இல்லை. முட்டை தேய்வதற்கு அந்தத் தாய் எந்த விதத்திலும் பொறுப்பாளி அல்லர் என்பதையும், இக்குழந்தைகளைக் கண்டால் ஏதோ குற்றம் தேடும் நம் ஊர்ப் பேச்சுக்களில் சிக்கிக்கொள்ளும் முன், நினைவில் வையுங்கள்.

தேய்மானத்தைத் தடுக்க முட்டையும் தன்னால் இயன்றதைச் செய்கிறது. மூச்சுவிடும் எந்தச் செல்லிலும் மைட்டோகாண்டிரியாக்கள் ஆற்றலைத் தயாரிக்கும்போது, துணை விளைவாகத் தீங்கு செய்யும் ஆக்சிஜன் பொருள்கள் தோன்றுகின்றன. பார்சிலோனாவில் நடந்து 2022-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, காத்திருக்கும் இளம் முட்டைகள் அந்தத் தொழிற்சாலையின் முதல் பெரிய இயந்திரத்தையே நிறுத்தி வைத்திருப்பதைக் கண்டது. அடுப்பைத் தணித்து வைத்தால் புகையும் குறையும் அல்லவா?

இரண்டாவது ‘நில்’

தும்பு அவிழ்ந்து ஓடிய முட்டை முதல் பிரிவை முடிக்கிறது. முதல் துருவச் செல்லை வெளியே தள்ளுகிறது. இப்போது அதனிடம் 23 குரோமோசோம்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இழைகள். தாமதமின்றி இரண்டாம் பிரிவுக்குத் தயாராகி, குரோமோசோம்களை நடுக்கோட்டில் வரிசையாக நிறுத்துகிறது. மெட்டாபேஸ் என்று படித்திருப்பீர்கள். அங்கே மறுபடியும் நின்றுவிடுகிறது. இந்த நிலையில்தான் அது அண்டகத்தை விட்டு முட்டைக்குழாய்க்கு வருகிறது.

முதல் கட்டு ஆண்டுக்கணக்கு. இரண்டாவது ஒரு நாள் கணக்கு. அதற்குள் விந்தணு வராவிட்டால் முட்டை அழிந்துவிடும். முதல் கட்டில் கயிறு வெளியிலிருந்து பிடிக்கப்பட்டது. இரண்டாவதில் கட்டுவது முட்டைக்குள்ளேயே இருக்கும் ஒரு புரதம். மசுயி, மார்க்கர்ட் இருவரும் இதையும் அதே 1971-ல் காட்டியிருந்தார்கள். கருவுறாத தவளை முட்டையின் உட்பொருளை, இரண்டு செல்களாகப் பிரிந்திருந்த கருவின் ஒரு செல்லில் செலுத்தினார்கள். செலுத்திய செல் மெட்டாபேஸில் உறைந்து நின்றது. மற்றது பிரிந்துகொண்டே போயிற்று.

இந்தக் கட்டை அவிழ்ப்பது விந்தணு. எப்படி? 1978-ல் வெளியான ஒரு சோதனை கண்ணுக்கு விருந்து. மெடாகா என்னும் சிறு மீனின் முட்டைக்குள், ஜெல்லி மீனிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் செலுத்தினார்கள். கால்சியம் பட்டால் அப்புரதம் ஒளிவிடும். விந்தணு நுழைந்த இடத்தில் ஒளி தோன்றி, முட்டையின் மேற்பரப்பில் அலையாகப் பரவி, மறுகோடியில் போய் அடங்கியது. மீனில் அலை ஒன்று. பாலூட்டியின் முட்டையில் அலை மீண்டும் மீண்டும், சில நிமிடங்களுக்கு ஒன்றாக, பல மணி நேரம் வருகிறது. கால்சியம் உயரும்போதெல்லாம் கட்டும் புரதம் சிதைகிறது. குரோமோசோம்களின் இழைகள் பிரிகின்றன. இரண்டாம் துருவச் செல் வெளியே போகிறது. பாட்டியின் வயிற்றில் தொடங்கிய குன்றல் பகுப்பு இதோ, இப்போதுதான் முடிகிறது. கவனித்தீர்களா? முட்டை தன் வேலையை முடிக்கும் நேரத்தில் விந்தணு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது!

கால்சியத்தைக் கிளப்பும் சாவியை விந்தணுதான் கொண்டுவருகிறது. அது பி.எல்.சி. ஸீட்டா என்னும் நொதி என்று 2002-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதன் செய்திச் சரமான ஆர்.என்.ஏ.வை மட்டும் சுண்டெலி முட்டையில் செலுத்த, விந்தணுவே இல்லாமல் கால்சிய அலைகள் எழுந்தன. முட்டை சில நாட்கள் கருவைப் போலவே பிரிந்து வளர்ந்தது. ஆனால் தந்தையின் குரோமோசோம்கள் இன்றிப் பாலூட்டிக் குட்டி இயற்கையாக உருவாகாது.

சில ஆண்களின் விந்தணுவில் இந்த நொதி இருப்பதில்லை, அல்லது பழுதாக இருக்கிறது. விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேரே செலுத்தினாலும் முட்டை மெட்டாபேஸிலேயே நிற்கும். பல ஆண்டுகள் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தும் காரணம் புலப்படாத தம்பதியரில் இத்தகையோரும் உண்டு. இப்போது அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. விந்தணுவைச் செலுத்திய பின், கால்சியத்தை உள்ளே விடும் ஒரு மருந்து கலந்த நீரில் முட்டையைச் சில நிமிடங்கள் வைத்து எடுக்கிறார்கள். சாவி இல்லாமலே பூட்டு திறக்கிறது. முட்டையின் ஓரத்தில் இரண்டாம் துருவச் செல் வெளியே தள்ளப்படுகிறது. மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், முட்டையின் நடுவில் தாயின் 23 குரோமோசோம்கள் ஓர் உட்கருவாகவும், தந்தையின் 23 இன்னோர் உட்கருவாகவும் பக்கத்தில் பக்கமாக இருக்கின்றன.